பிள்ளைக்குப் போற உதவி, அத வளர்க்குறவங்க கைக்கு ஏன் போறதில்ல

அநாதைங்குற வார்த்தைய பிரிச்சு பாத்தா அதுல அப்பா அம்மாங்குற பேச்சே இல்ல. நாதன்னா காப்பாத்துறவன், அவன் இல்லாத ஆள் அநாதன், அதுலேருந்துதான் அநாதை. அதாவது காக்க ஆள் இல்லாத பிள்ளை. ஆனா உலக அளவுல கணக்கெடுக்குற இடத்துல அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற. ஐநாவோட குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் கணக்குப்படி 18 வயசுக்குள்ள அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர இழந்தாலே அந்த பிள்ளை அந்த பட்டியல்ல வந்துடும். 2015-ல அவங்க சொன்ன நம்பர் கிட்டத்தட்ட 14 கோடி. இதுல அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்தவங்க 1.51 கோடி. அப்போ மிச்சம் இருக்குற ஏறக்குறைய 12.5 கோடி பிள்ளைங்களுக்கு அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் உயிரோட இருக்காங்க. ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைங்கள்லயும் பெரும்பாலானவங்க யாரோ ஒரு பாட்டி, சித்தி, பெரியப்பா, இல்லன்னா கொஞ்சமே மூத்த அக்கா கூட இருக்குறவங்கதான்.

கணக்க இவ்ளோ அகலமா வெச்சது தப்புன்னு நான் சொல்லல. 1990-கள்ல எய்ட்ஸ் ஆப்பிரிக்காவோட கிழக்குலயும் தெக்குலயும் குடும்பம் குடும்பமா அழிச்சிட்டிருந்தப்போ அப்பா போயிட்டா அம்மாவும் படுக்கையில இருப்பாங்க, அந்த பிள்ளைக்கு உதவி வேணும்னா அம்மாவும் சாகுற வரைக்கும் காத்திருக்க முடியுமா. அதனாலதான் ஒருத்தர் போனாலும் கணக்குல சேத்தாங்க, அப்புறம் அதையும் தாண்டி அப்பா அம்மா உயிரோட இருந்தாலும் நோயில படுத்திருக்குற வீட்டு பிள்ளைங்க, பள்ளிக்கூடத்த விட்டு வேலைக்கு போற பிள்ளைங்க எல்லாரையும் சேத்து "ஆதரவற்ற மற்றும் பாதிப்புக்கு உள்ளாகுற குழந்தைகள்"னு ஒரே பேர்ல சொல்ல ஆரம்பிச்சாங்க. சரியான யோசனைதான். சிக்கல் எங்க வருதுன்னா அந்த 14 கோடிங்குற நம்பர் டொனேஷன் போஸ்டருக்கு போகும்போது "யாருமே இல்லாத 14 கோடி பிள்ளைங்க"ன்னு மாறிடுது. யாருமே இல்லாத பிள்ளைக்கு என்ன வேணும்? ஒரு கட்டடம், கட்டில், சாப்பாடு, பாத்துக்க சம்பளத்துக்கு ஆள். அப்படித்தான் நம்ம மனசு காப்பகத்துக்கு போயிடுது, நடுவுல அந்த பிள்ளைய ஏற்கனவே இடுப்புல தூக்கி வெச்சிருக்குற மனுஷி கண்ணுக்கு தெரியாமலே போயிடுறாங்க.

காப்பகங்கள்ல எத்தன பிள்ளைங்க இருக்காங்கன்னு 2017-ல யுனிசெஃப் ஒரு மதிப்பீடு சொன்னாங்க, உலகம் முழுக்க சுமார் 27 லட்சம். கணக்குல வராத ஹோம்ங்க நெறைய இருக்கு, அதனால உண்மையான எண்ணிக்கை இன்னும் கூடவே இருக்கும். இருந்தாலும் 14 கோடிக்கு முன்னாடி வெச்சு பாத்தா சின்ன பங்குதான். இன்னொரு விஷயம், அந்த ஹோம்ல இருக்குற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கும் அப்பா அம்மால ஒருத்தராவது இருக்காங்க. நாடு நாடா போய் பாத்தவங்க எல்லாரும் திரும்ப திரும்ப சொல்ற விஷயம் இது. அப்போ ஏன் அங்க விட்டாங்க? ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியல, பிள்ளைக்கு உடல் ஊனமோ தீராத நோயோ இருக்கு, பக்கத்துல வைத்தியம் இல்ல, ரெண்டாவது கல்யாணம், இல்ல வெறும் பசி. ஒரு ஊர்ல இலவசமா படிப்பும் சாப்பாடும் கிடைக்குற ஒரே வாசல் காப்பகத்தோட வாசல்னா பெத்தவங்க அந்த வாசல்லதான் வந்து நிப்பாங்க. பாசம் இல்லாததால விட்டுட்டு போறதில்ல, பாசத்தாலதான் விட்டுட்டு போறாங்க. நாம குடுக்குற காசு எந்த வாசல் வழியா போகுதோ பிள்ளைங்களும் அந்த வாசலுக்குத்தான் வருவாங்க, இத புரிஞ்சுக்காம இந்த விஷயத்துல எதையும் புரிஞ்சுக்க முடியாதுன்னு நான் நம்புறேன்.

சரி, அந்த வளர்க்குறவங்க நெலமைய கொஞ்சம் பாப்போம். ஒரு பாட்டிய நெனச்சுக்கோங்க, மக நோயில படுத்து செத்துட்டா, மூணு பேரப்பிள்ளைங்க. மக உயிரோட இருந்தப்போ அவ அனுப்புற காசுலதான் பாட்டி சாப்பிட்டது, இப்போ அது நின்னு போச்சு. வைத்தியத்துக்கு ஆடு மாடு, நகை, இருந்த கொஞ்சம் நிலம் எல்லாம் போயிருக்கும், காரியத்துக்கு வாங்குன கடன் வேற. வருமானம் பாதியா குறைஞ்ச அதே மாசம் வாய் மூணு கூடிருக்கு. பாட்டிக்கே மூட்டு வலியும் பிரஷரும். அவங்க மாத்திரைய நிறுத்திட்டு அந்த காசுல நோட்டு வாங்குவாங்க, யாரும் கேக்க மாட்டாங்க, ஏன்னா எல்லா ஃபாரமும் பிள்ளையோட எடை என்ன, பிள்ளை ஸ்கூல் போகுதான்னுதான் கேக்கும். பாட்டி ஒரு நாள் விழுந்துட்டா மூணு பிள்ளைங்களும் ஒரே நாள்ல மறுபடியும் அநாதை ஆகுறாங்க, இந்த தடவ நெசமாவே.

இதுல பேப்பர் பிரச்சனை தனி. பிள்ளைக்கு பிறப்பு சான்றிதழ் இல்ல, அம்மாவோட இறப்ப யாரும் பதியல, பாட்டிதான் கார்டியன்னு எந்த கோர்ட்டும் எழுதி குடுக்கல. அதனால அரசாங்க உதவி இருந்தாலும் அது இந்த வீட்டு படியேறாது. நிலமும் வீடும் செத்தவங்க பேர்ல இருக்கும்போது சொந்தக்காரங்களே வந்து எடுத்துக்குறதும் நடக்கும், எட்டு வயசு பிள்ளையும் எழுத படிக்க தெரியாத பாட்டியும் யார்கிட்ட போய் சண்டை போடுவாங்க. ஒரு தொண்டு நிறுவனம் வேற எதுவும் பண்ணாம இந்த சான்றிதழ்ங்கள மட்டும் வாங்கி குடுத்தாலே அது பெரிய உதவின்னு நான் சொல்வேன், ஆனா சான்றிதழ் வாங்கி குடுத்தத ஃபோட்டோ எடுத்து காட்ட முடியாது, கட்டடத்த காட்டலாம்.

தென்னாப்பிரிக்கா கதைய இங்க சொல்லியே ஆகணும். அங்க 1998-ல குழந்தைங்களுக்கான மாசாந்திர உதவித்தொகை ஆரம்பிச்சாங்க, ஏழை வீட்டுல பிள்ளைய யார் பாத்துக்குறாங்களோ அவங்க கைல குடுக்குறது, அம்மாவா இருந்தாலும் பாட்டியா இருந்தாலும் சரி. அதுக்கு பக்கத்துலயே ஃபாஸ்டர் பெத்தவங்களுக்குன்னு, அதாவது கோர்ட் ஒப்படைச்ச பிள்ளைய தங்க வீட்டுல வெச்சு வளர்க்குறவங்களுக்குன்னு, இன்னொரு உதவி இருந்துச்சு, தொகை பெருசு, ஆனா கோர்ட் உத்தரவு வேணும். எய்ட்ஸ்ல மகனையும் மகளையும் இழந்த பாட்டிங்க லட்சக்கணக்குல அந்த ரெண்டாவது வரிசையில போய் நின்னாங்க. கோர்ட்டும் சோஷியல் வொர்க்கர்ஸும் தாங்கல, உத்தரவுங்க காலாவதி ஆச்சு, புதுப்பிக்க ஆள் இல்ல, 2011-ல நீதிமன்றமே தலையிட்டு அந்த உத்தரவுங்கள நீட்டிக்க வேண்டி வந்துச்சு. கடைசியில 2022-ல, சொந்தக்காரங்க வளர்க்குற அநாதை பிள்ளைங்களுக்கு முதல் உதவித்தொகையிலயே ஒரு கூடுதல் தொகை சேத்து குடுக்குற வழி வந்துச்சு, அதுக்கு கோர்ட் படி ஏற வேண்டியதில்ல. பாட்டி தன் சொந்த பேரன வளர்க்க கோர்ட்டுல அனுமதி வாங்கிட்டு வரணும்னு நெனச்ச ஒரு ஏற்பாட்ட சரி பண்ண இத்தன வருஷம் ஆச்சு.

காப்பகம் ஏன் வீட்டுக்கு ஈடாகாதுங்குறது வெறும் சென்டிமென்ட் பேச்சில்ல. 1951-லயே ஜான் பௌல்பிங்குற மனநல மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதுன அறிக்கையில, சின்ன பிள்ளைக்கு ஒரே ஆளோட தொடர்ச்சியான நெருக்கம் வேணும்னு சொல்லிட்டாரு. அத அளந்து காட்டுனது ருமேனியா. அங்க 1966-ல நாட்ட ஆண்ட சௌஷெஸ்கு கருக்கலைப்பையும் கருத்தடையையும் கட்டுப்படுத்தி ஜனத்தொகைய ஏத்த பாத்தாரு, வளர்க்க முடியாத பிள்ளைங்க அரசாங்க ஹோம்ல குவிஞ்சாங்க, 1989-ல அவர் ஆட்சி விழுந்தப்போ ஒரு லட்சத்துக்கும் மேல பிள்ளைங்க அந்த மாதிரி இடங்கள்ல இருந்தாங்க. அதுக்கப்புறம் நெல்சன், ஃபாக்ஸ், ஸீனாங்குற மூணு ஆராய்ச்சியாளர்ங்க தலைநகர் புக்கரெஸ்ட்ல ஒரு ஆய்வு பண்ணாங்க, ஹோம்ல இருந்த 136 சின்ன பிள்ளைங்கள்ல குலுக்கல் முறையில பாதி பேர ஃபாஸ்டர் குடும்பத்துக்கு அனுப்பி பல வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. நாலரை வயசுல அளந்தப்போ ஹோம் குரூப்போட சராசரி ஐக்யூ 73, குடும்பத்துக்கு போன குரூப்புக்கு 81. ரெண்டு வயசுக்குள்ள குடும்பம் கிடைச்ச பிள்ளைங்க இன்னும் நல்லா தேறுனாங்க.

காரணம் சாப்பாடோ கட்டிலோ இல்ல. ஷிஃப்ட் மாறுது. காலையில ஒரு ஆயா, ராத்திரி வேற ஆயா, மாச கடைசியில ரெண்டு பேரும் வேலைய விட்டு போயிடுறாங்க. அழுதா வர்ற முகம் ஒவ்வொரு தடவையும் வேறயா இருந்தா அந்த பிள்ளை கொஞ்ச நாள்ல அழுறதயே நிறுத்திடும், அத பாக்க வர்றவங்க "எவ்ளோ சமத்து"ன்னு சொல்லிட்டு போவாங்க.

2009-ல ஐநா பொதுச்சபை மாற்று பராமரிப்புக்குன்னு வழிகாட்டி நெறிமுறைங்க ஏத்துக்கிட்டாங்க, அதுல வரிசை தெளிவா இருக்கு, முதல்ல பிள்ளைய சொந்த குடும்பத்துலயே வெச்சுக்க முடியுமான்னு பாரு, இல்லன்னா சொந்தக்காரங்க, இல்லன்னா வேற குடும்பம், காப்பகம் உண்மையிலேயே தேவையும் பொருத்தமும் இருந்தா மட்டும். ஏழ்மை மட்டுமே காரணம்னா பிள்ளைய வீட்டுலேருந்து பிரிக்கவே கூடாது, அந்த வீட்டுக்கு உதவணும்னும் அதுலயே இருக்கு. எல்லா காப்பகமும் கெட்டதுன்னு யாரும் சொல்லல, அடிக்குற வீட்டுலேருந்து ராத்திரியோட ராத்திரியா காப்பாத்துன பிள்ளைய எங்க வெப்பீங்க, அதுக்கு ஒரு எடம் வேணும்தான். ஆனா அது தங்கி போற எடமா இருக்கணும், வளர்ற எடமா மாறக்கூடாது.

வளர்க்குறவங்களுக்கு எந்த உதவி வேலை செய்யுதுன்னா முதல்ல காசு, நேரடியா கைல. உடனே ஒரு பேச்சு வரும், காசு குடுத்தா குடிச்சு அழிச்சிடுவாங்கன்னு. உலக வங்கி ஆராய்ச்சியாளர்ங்க 2014-ல பல நாட்டு ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தாங்க, உதவித்தொகை வாங்குற வீடுங்கள்ல குடி, சிகரெட் செலவு கூடுனதா தெரியல. கென்யாவுல 2004-ல சின்னதா ஆரம்பிச்ச திட்டம் ஒண்ணு இருக்கு, அநாதை பிள்ளைங்கள வெச்சிருக்குற ஏழை குடும்பத்துக்கு காசு, அது பின்னாடி லட்சக்கணக்கான வீடுங்களுக்கு போச்சு. ஜிம்பாப்வேயோட கிழக்குல நடந்த ஆய்வு 2013-ல வந்துச்சு, அங்க சில ஊர்ல பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பணும்னு கண்டிஷன் போட்டு காசு குடுத்தாங்க, சில ஊர்ல கண்டிஷனே இல்லாம குடுத்தாங்க, ரெண்டு எடத்துலயும் பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க கூடுனாங்க. பாட்டிக்கு பிள்ளைய படிக்க வெக்கணும்னு யாரும் சொல்லி குடுக்க வேண்டியதில்ல, கைல காசுதான் இல்லாம இருந்துச்சு.

காசு மட்டும் போதாதுங்குறதும் உண்மை. தென்னாப்பிரிக்காவுல டீனேஜ் பிள்ளைங்கள வெச்சு லூசி க்ளூவர்ங்குற ஆராய்ச்சியாளரோட குழு பண்ண ஆய்வுல, உதவித்தொகையோட வீட்டுலயோ ஸ்கூல்லயோ அக்கறையா பாத்துக்குற ஆளும் இருந்தா ஹெச்ஐவி வர்ற மாதிரியான ஆபத்தான பழக்கங்க இன்னும் குறைவா இருந்துச்சு. அந்த அக்கறைய குடுக்க வேண்டிய ஆள் யாருன்னு பாத்தா மறுபடியும் அதே பாட்டி, அதே சித்தி. மகள புதைச்ச துக்கத்துல இருக்குறவங்க அவங்களும். அம்மா போன கோபத்த பிள்ளை பாட்டி மேல காட்டும், பாட்டி அடிப்பாங்க, ரெண்டு பேருக்கும் என்ன நடக்குதுன்னு புரியாது. வாரத்துக்கு ஒரு தடவ அதே நெலமையில இருக்குற நாலஞ்சு பேர் ஒண்ணா உக்காந்து பேச ஒரு எடம் இருந்தாலே அந்த வீட்டுல சத்தம் குறையும். சேமிப்பு குழுங்க இதுக்கு நல்லா உதவுது, 1991-ல நைஜர் நாட்டுல கேர்ங்குற தொண்டு அமைப்பு பெண்கள வெச்சு ஆரம்பிச்ச முறை அது, வெளிக்காசு போடாம அவங்களே சேத்து அவங்களே கடன் குடுத்துக்குறது, இன்னைக்கு பல நாட்டுல அநாதை பிள்ளைங்களுக்கான வேலையில அது ஒரு பகுதியாவே ஆயிடுச்சு. காசுக்காக கூடுற கூட்டம்தான், ஆனா அங்க பேசுறது பூரா வீட்டு கஷ்டம்.

யாருக்கு குடுக்குறதுன்னு தேர்ந்தெடுக்குறதுல ஒரு கண்ணிவெடி இருக்கு. வீட்டுல அஞ்சு பிள்ளைங்க, மூணு சித்தியோட சொந்த பிள்ளைங்க, ரெண்டு செத்துப்போன அக்காவோட பிள்ளைங்கன்னு வெச்சுக்குவோம். உதவி அந்த ரெண்டு பேருக்கு மட்டும் புது ஷூவும் பையும் குடுத்துட்டு போனா மிச்ச மூணு பேரும் வெறுங்காலோட பக்கத்துல நிப்பாங்க. சித்தி என்ன பண்ணுவாங்க? வாங்கி அஞ்சா பிரிப்பாங்க, அப்புறம் ஆபீஸ்லேருந்து வந்தவங்க "பிள்ளையோட பொருள எடுத்துட்டாங்க"ன்னு எழுதுவாங்க. அதவிட மோசம், எய்ட்ஸ் அநாதைன்னு பேர் போட்டு குடுக்குறது, வண்டி வந்து நின்னாலே ஊர் பூரா அந்த வீட்டுல என்ன நோய்னு தெரிஞ்சுடும். உதவிய வீட்டுக்கு குடுக்கணும், பட்டியல்ல இருக்குற தலைக்கு குடுக்கக்கூடாது.

ஸ்பான்சர்ஷிப் அதாவது மாசாமாசம் ஒரு பிள்ளைக்கு காசு அனுப்புறது, அத நெறைய பேர் திட்டுறாங்க, முழுசா திட்டவும் முடியாது. 2013-ல வந்த ஒரு ஆய்வு, கம்பேஷன் இன்டர்நேஷனல் அமைப்பு மூலமா ஆறு நாட்டுல சின்ன வயசுல உதவி வாங்குனவங்க பெரியவங்க ஆனப்புறம் எப்படி இருக்காங்கன்னு பாத்துச்சு, அவங்க ஒரு வருஷத்துலேருந்து ஒன்றரை வருஷம் வரைக்கும் கூடுதலா படிச்சிருந்தாங்க. நல்ல பலன். ஆனா கவனிக்க வேண்டியது, அந்த திட்டத்துல பிள்ளைங்க அவங்கவங்க வீட்டுல இருந்தாங்க, சாயங்காலம் ஒரு சென்டருக்கு வந்துட்டு வீட்டுக்கே திரும்புனாங்க. ஸ்பான்சர்ஷிப்ங்குற பேருக்குள்ள இதுவும் இருக்கு, பிள்ளைய ஹோம்லயே வெச்சு ஃபோட்டோ அனுப்பிட்டே இருக்குறதும் இருக்கு, பேர் ஒண்ணுதான்.

நல்ல மனசு எங்க போய் முடியும்னு ஹைத்தி காட்டுச்சு. 2010 ஜனவரி பூகம்பம் முடிஞ்ச சில வாரத்துல வெளிநாட்டுலேருந்து வந்த ஒரு குழு 33 பிள்ளைங்கள எல்லை தாண்டி கூட்டிட்டு போக பாத்து மாட்டுனாங்க, அநாதைங்கன்னு சொன்ன அந்த பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பா அம்மா இருந்தது அப்புறம் தெரிஞ்சுச்சு. கம்போடியா, நேபாளம் மாதிரி டூரிஸ்ட் நெறைய வர்ற எடங்கள்ல ரெண்டு வாரம் வாலண்டியர் பண்ண வர்றவங்களுக்காகவே பிள்ளைங்கள கிராமத்துலேருந்து கொண்டு வந்து ஹோம்ங்கள நெரப்புன கதைங்க வெளிய வந்துச்சு. ஆஸ்திரேலியா 2018-ல நவீன அடிமைத்தன சட்டம் கொண்டு வந்தப்போ இந்த காப்பக கடத்தலையும் அந்த பேச்சுல சேத்தாங்க. ரெண்டு வாரம் கொஞ்சிட்டு போற ஒவ்வொரு அண்ணனும் அக்காவும் அந்த பிள்ளைக்கு இன்னொரு பிரிவு, இத போறவங்க யாரும் கெட்ட எண்ணத்துல பண்றதில்லங்குறதுதான் மனச கஷ்டப்படுத்துது.

பணம் எங்கேருந்து வருதுன்னும் பாக்கணும். இந்த வேலைக்கு உலகத்துலயே பெரிய காசு வெளிநாடுங்கள்ல எய்ட்ஸ எதிர்க்க அமெரிக்கா நடத்துன பெப்ஃபார் திட்டத்துலேருந்து வந்துச்சு, 2003-ல ஆரம்பிச்சது, எய்ட்ஸுக்குன்னு ஒதுக்குற காசுல 10 சதவீதம் இந்த பிள்ளைங்களுக்கு போகணும்னு சட்டத்துலயே எழுதியிருந்துச்சு, ஒரு கட்டத்துல வருஷத்துக்கு 60 லட்சத்துக்கு மேல பிள்ளைங்களுக்கும் அவங்கள வளர்க்குறவங்களுக்கும் போய் சேந்துச்சு. வளர்க்குறவங்களையும் கணக்குல சேத்த நல்ல பழக்கம் அதுல இருந்துச்சு. 2025 ஜனவரியில அமெரிக்கா வெளிநாட்டு உதவிய நிறுத்தி வெச்சப்போ பல எடத்துல இந்த வேலைங்கதான் முதல்ல நின்னுச்சு, மருந்து உயிர் காக்குறதுன்னு சொல்லி விலக்கு வாங்கலாம், வாரா வாரம் பாட்டி வீட்டுக்கு போயிட்டு வர்ற ஆளுக்கு அப்படி சொல்லி வாங்க முடியாது.

அதனால சின்ன அளவுல குடுக்குற நாம கேக்க வேண்டிய கேள்விங்க இருக்கு. நீங்க உதவுற பிள்ளைங்க ராத்திரி எங்க தூங்குறாங்கன்னு கேளுங்க. போன வருஷம் எத்தன பேர் வீட்டுக்கு திரும்பிருக்காங்கன்னு கேளுங்க, நல்ல ஹோம் நடத்துறவங்க இத சந்தோஷமா சொல்வாங்க. பாட்டிக்கு மருந்து யார் வாங்கி குடுக்குறாங்கன்னு கேளுங்க. 18 வயசு ஆன அன்னைக்கு என்ன ஆகும்னு கேளுங்க, ஏன்னா பல எடத்துல பிறந்தநாளோட கதவு மூடுது, வங்கியில அக்கவுண்ட் தொறக்க தெரியாம, ஒரு வீட்டுக்குள்ள சண்டை வந்தா எப்படி சமாதானம் ஆவாங்கன்னு பாத்ததே இல்லாம ஒரு பிள்ளை தெருவுல வந்து நிக்கும். நேர்ல போய் பாத்து கொஞ்சணும்னு ஆசைப்பட்டா அத அடக்கிக்குங்க, உள்ள விடுறவங்கள சந்தேகப்படுங்க.

கோவிட்லயும் இதேதான். 2021 ஏப்ரல் வரைக்கும் அப்பா அம்மாவையோ கூட இருந்து பாத்துக்குற தாத்தா பாட்டியையோ இழந்த பிள்ளைங்க உலகம் முழுக்க 15 லட்சத்துக்கு மேலன்னு லான்செட்ங்குற மருத்துவ இதழ்ல மதிப்பீடு வந்துச்சு. அந்த கணக்குல தாத்தா பாட்டிய சேத்தது எனக்கு பெரிய விஷயமா பட்டுச்சு. வளர்க்குறவங்களுக்கும் வயசாகும், சாவாங்க, அடுத்து யாருன்னு முன்னாடியே பேசி வெக்கணும், ஆனா சாவ பத்தி பிள்ளை முன்னாடி யார் பேசுவாங்க.

1990-கள்ல உகாண்டாவுல ஹெச்ஐவி இருந்த பெண்கள் அமைப்பு ஒண்ணு அதுக்கு ஒரு வழி வெச்சிருந்தாங்க. அம்மாங்க உயிரோட இருக்கும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நினைவு நோட்டு எழுதுவாங்க, நீ எப்போ பிறந்த, உன் பேர் யார் வெச்சது, உங்க அப்பா யாரு, நம்ம சொந்தம் எங்க இருக்கு, நீ குழந்தையில எப்படி சிரிப்ப. எழுத உக்காந்த அம்மாங்க சீக்கிரமே ஒரு பக்கத்துல நின்னுடுவாங்க, ஏன்னா தனக்கு என்ன நோய்னு பிள்ளைகிட்ட சொல்லாம அந்த பக்கத்த எழுத முடியாது. சொன்னாங்க, சேந்து அழுதாங்க, அப்புறம் தனக்கு பின்னாடி யார்கூட இருக்கணும்னு பிள்ளையையே கேட்டு அந்த சித்தியையோ பாட்டியையோ வீட்டுக்கு வரவழைச்சு முன்னாடியே பேசுனாங்க.